மூளை வேதியியலும் வன்தாக்க நடத்தையும்: செரட்டோனின் ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மூளையில் செரட்டோனின் குறைந்தால் மனிதர் வன்தாக்கத்தில் இறங்குவர் என்னும் கருத்து 1970களின் பிற்பகுதியில் தோன்றி, உளமருத்துவ நூல்களிலும் பொது வாசிப்பிலும் வேரூன்றியது. அக்கருத்திற்கு அடிப்படையான அளவீடு உண்மையில் எதனை அளந்தது என்பதையும், நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்ட மரபணுப் பிறழ்வு அவ்வளவீட்டின் பொருளை எவ்வாறு மாற்றியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. வேதிப்பொருளின் விளைவு அது செயற்படும் காலம், இடம், சூழல் ஆகியவற்றைச் சார்ந்தது என்பதும், அதனைப் புறந்தள்ளி ஒரு மரபணுவை இனத்தின் மீதும் தனிமனிதர் மீதும் தீர்ப்பாக ஏற்றுவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதும் சான்றுகளுடன் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செரட்டோனின், மோனோஅமின் ஆக்சிடேஸ்-ஏ, வன்தாக்கம், உந்துதல், மரபணுவும் சூழலும், குற்றப் பொறுப்பு

முன்னுரை

சினம் ஓர் உணர்ச்சி. வன்தாக்கம் ஒரு செயல். சினம் கொண்டோர் அனைவரும் தாக்குவதில்லை. தாக்குவோர் அனைவரும் சினத்தால் தாக்குவதும் இல்லை. கூலிக்குக் கொலை செய்பவனிடம் சினம் இருக்க வேண்டிய தேவையே இல்லை. தமிழில் 'வன்முறை' என்னும் சொல் கலவரம், போர், ஒடுக்குமுறை, குடும்பக் கொடுமை ஆகிய அனைத்தையும் தழுவி நிற்கிறது. எனவே ஓர் உயிரி மற்றோர் உயிரிக்குத் தீங்கிழைக்கும் நோக்குடன் செய்யும் செயலை மட்டும் குறிக்க இக்கட்டுரையில் 'வன்தாக்கம்' என்னும் சொல் ஆளப்படுகிறது. இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. மூளை வேதியியல் ஆய்வுகள் பலவும் இடறியது இவ்விடத்தில்தான். உணர்ச்சி, செயல், உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்தியமையால், கிடைத்த எண் இவற்றுள் எதனைச் சுட்டுகிறது என்பது நெடுங்காலம் தெளிவுபடவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளியை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்கிறது. அந்நான்கையும் பிறரால் விளையும் தீங்குகளாகவே உரையாசிரியர்கள் விளக்குவர். வெகுளியின் காரணம் அங்கே வெகுள்பவனுக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வகம் இதற்கு எதிர்த்திசையில் சென்று, காரணத்தை உடலுக்குள் தேடியது. அவ்வாறு தேடிச் சென்றபோது முதலில் அகப்பட்ட பொருள்களுள் ஒன்று செரட்டோனின்.

செரட்டோனினும் அதனை அளக்கும் சிக்கலும்

உணவிலுள்ள டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து செரட்டோனின் உருவாகிறது. உடலிலுள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேற்பட்டது குடலில் உள்ளது. மூளைக்குள் இருப்பது சிறு அளவே. மூளைத்தண்டின் நடுக்கோட்டில் அமைந்த ராஃபே உட்கருக்களில் உள்ள நரம்பணுக்கள் இதனை உருவாக்கி, நீண்ட கிளைகளின் வழியே மூளையின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளுக்கும் அனுப்புகின்றன. நரம்பிணைப்பில் வெளிப்பட்ட செரட்டோனின் மீண்டும் நரம்பணுவுக்குள் இழுக்கப்படுகிறது. அங்கே மோனோஅமின் ஆக்சிடேஸ்-ஏ என்னும் நொதி அதனைச் சிதைக்க, 5-ஹைட்ராக்சிஇண்டோல் அசிட்டிக் அமிலம் என்னும் சிதைவுப்பொருள் எஞ்சுகிறது.

குடலின் செரட்டோனின் இரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து மூளைக்குள் செல்வதில்லை. ஆகவே இரத்தப் பரிசோதனை மூளையின் நிலையைக் காட்டாது. உயிரோடுள்ள மனிதரின் மூளையிலிருந்து செரட்டோனினை நேரடியாக எடுத்து அளப்பதும் இயலாது. இந்நிலையில் ஆய்வாளர்களுக்கு எஞ்சிய வழி ஒன்றுதான்: இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்து, அதில் மேற்கூறிய சிதைவுப்பொருளின் அளவைக் காண்பது. அடுப்பில் எஞ்சிய சாம்பலை அளந்து, எவ்வளவு விறகு எரிந்தது என்று கணிப்பதை ஒத்தது இம்முறை. சாம்பல் குறைவாக இருப்பின் விறகு குறைவாக இருந்தது எனக் கொள்ளலாம். விறகு நிறைய இருந்தும் எரியவில்லை எனவும் கொள்ளலாம். இரண்டாவது வாய்ப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை பெரிதாகக் கருதப்படவில்லை.

ஒரு கருத்தின் தோற்றம்

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மேரி ஆஸ்பெரியும் அவருடைய குழுவினரும் 1976ஆம் ஆண்டு மனச்சோர்வுற்ற 68 நோயாளிகளை ஆராய்ந்தனர். சிதைவுப்பொருள் குறைந்திருந்த பிரிவினரிடையே தற்கொலை முயற்சிகள் மிகுந்திருந்தன. கடுமையான வழிமுறைகளை நாடியோரும் அப்பிரிவினரே. 1979இல் அமெரிக்கப் படைத்துறையைச் சேர்ந்த, ஆளுமைக் கோளாறுடைய 26 ஆண்களிடம் பிரௌனும் குட்வினும் அவர்களுடைய குழுவினரும் நடத்திய ஆய்வு இதனை ஒரு படி மேலே கொண்டு சென்றது. ஒருவரின் வன்தாக்க வரலாற்றுக்கும் சிதைவுப்பொருளின் அளவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு -0.78 என அவ்வாய்வு அறிவித்தது. நடத்தை ஆய்வுகளில் இத்தகைய உயர்ந்த எண் அரிதினும் அரிது. அரிது என்பதனாலேயே அதன்மீது ஐயம் எழுந்திருக்க வேண்டும். மாறாக, அது மேற்கோளாகப் பரவியது.

மூன்றாவது ஆய்வு அதிகக் கவனத்திற்கு உரியது. பின்லாந்தில் கொலையோ கொலைமுயற்சியோ செய்த 36 ஆண்களை மார்க்கு லின்னோய்லா, மட்டி விர்க்குனென் ஆகியோரின் குழு 1983இல் ஆராய்ந்தது. முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்தோர், அந்நேர உந்துதலால் செய்தோர் என அவர்களை இரண்டாகப் பிரித்தபோது, சிதைவுப்பொருள் குறைந்திருந்தவர்கள் இரண்டாம் பிரிவினரே. செய்த குற்றத்தின் கொடுமையில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. வேறுபட்டது செயலுக்கு முன்னிருந்த இடைவெளி மட்டுமே. தொடர்ந்து 1987இல் அக்குழு தீவைப்புக் குற்றவாளிகளை ஆராய்ந்தபோது அவர்களிடமும் சிதைவுப்பொருள் குறைந்தே காணப்பட்டது. தீவைப்போர் எவரையும் நேரில் தாக்குவதில்லை. ஆகவே இவ்வளவீடு தொட்டது வன்தாக்கத்தை அன்று, உந்துதலைத் தாமதிக்கும் ஆற்றலை என்னும் முடிவுக்கு அப்போதே வர இடமிருந்தது. லின்னோய்லா குழுவினர் தம் கட்டுரையின் தலைப்பிலேயே இவ்வேறுபாட்டைச் சுட்டியிருந்தனர். எனினும் பாடநூல்களுக்குள் நுழைந்த வாக்கியம் 'செரட்டோனின் குறைவு வன்தாக்கத்தை விளைவிக்கும்' என்பதாகவே அமைந்தது.

பிற்காலத்தில் தரவுகள் பெருகியபோது அந்த -0.78 நிலைக்கவில்லை. 2013ஆம் ஆண்டு வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 175 மாதிரிகளையும் 6,500க்கும் மேற்பட்ட மனிதர்களையும் ஒருங்கே கணக்கிட்டது. செரட்டோனின் செயற்பாட்டுக்கும் வன்தாக்கம், சினம், பகைமை ஆகியவற்றுக்கும் இடையிலான சராசரி ஒட்டுறவு -0.12 எனக் கண்டது. தண்டுவடத் திரவ ஆய்வுகளை மட்டும் தனியே பிரித்தால் அது -0.06 ஆகக் குறைந்தது. -0.12 என்பது, மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கினையேனும் விளக்காத அளவு. உறவு இல்லை என்று இதற்குப் பொருளன்று. ஒரு மனிதரின் திரவத்தை அளந்து அவர் தாக்குவாரா என்று சொல்ல இயலாது என்பதே பொருள்.

நைமேகன் குடும்பம்

1978ஆம் ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்தார். தம் குடும்பத்து ஆண்கள் பலரிடம் காணப்பட்ட நடத்தைக் கோளாறு தம் பிள்ளைகளுக்கும் வருமா என்பதே அவர் அறிய விரும்பியது. அக்குடும்பத்தின் பாதிக்கப்படாத ஆண் ஒருவர் 1962இலேயே உறவினர்களின் வரலாற்றைக் கிளைவழிப் பட்டியலாகத் தொகுத்து வைத்திருந்தார். மரபியலாளர்கள் வருவதற்கு முன்பே, கோளாறு தாய்வழியாக வருவதையும் ஆண்களை மட்டுமே தாக்குவதையும் அக்குடும்பத்தார் தாமே உணர்ந்திருந்தனர் என்பதை அப்பட்டியல் காட்டுகிறது.

ஹான் புருன்னரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வுகளில், பாதிக்கப்பட்ட ஆண்களிடம் இலேசான அறிவுத்திறன் குறைபாடு, தூண்டுதலுக்குப் பொருந்தாத கடுஞ்சினம், தீவைப்பு, பாலியல் வன்செயல் முயற்சி ஆகியவை பதிவாகியுள்ளன. ஒருவர் தம் பணியைக் குறைகூறிய மேலாளரை வாகனத்தால் மோத முயன்றார். இத்தகைய சீற்றம் ஓரிரு நாள்கள் தொடர்ந்து வந்து, உறக்கமின்மையோடும் இரவு அச்சத்தோடும் சேர்ந்து நிகழ்ந்து, பின்னர் அடங்கியது. காரணம் எக்ஸ் குரோமோசோமில் இருந்தது. மோனோஅமின் ஆக்சிடேஸ்-ஏ நொதிக்கான மரபணுவின் எட்டாம் பகுதியில் ஒற்றை எழுத்து மாறி, குளூட்டமின் வரவேண்டிய இடத்தில் நிறுத்தக் குறி விழுந்திருந்தது. நொதி பாதியிலேயே நின்றுபோக, அவ்வாண்களிடம் அது அறவே செயற்படவில்லை. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்ததால் அவர்கள் பாதிப்பின்றி அதனைப் பிள்ளைகளுக்குக் கடத்தினர்.

இந்நொதி செரட்டோனினை மட்டுமன்றி நார்அட்ரினலினையும் டோபமினையும் சிதைப்பது. நொதி இல்லையெனில் அப்பொருள்கள் சிதையாமல் தேங்கும், சிதைவுப்பொருள் குறையும். பாதிக்கப்பட்ட ஆண்களின் சிறுநீரில் நேர்ந்தது இதுவே: மூலப்பொருள்களின் அளவு உயர்ந்தும், 5-ஹைட்ராக்சிஇண்டோல் அசிட்டிக் அமிலத்தின் அளவு தாழ்ந்தும் இருந்தன. அதாவது, பின்லாந்துக் குற்றவாளிகளிடம் செரட்டோனின் குறைவின் அடையாளமாகப் படிக்கப்பட்ட அதே சிதைவுப்பொருள் தாழ்வு, நைமேகன் குடும்பத்தில் செரட்டோனின் மிகுதியின் அடையாளமாக இருந்தது. விறகு குறைந்ததால் அன்று, எரியாததால் சாம்பல் குறைந்தது. ஓர் எண் இரு எதிர்நிலைகளைச் சுட்டக்கூடும் என்பதனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இத்துறையில் வேறில்லை எனலாம்.

இதில் மற்றொரு புதிரும் உண்டு. இதே நொதியைத் தடுக்கும் மருந்துகள் 1950களிலிருந்து மனச்சோர்வு நோய்க்கு வழங்கப்பட்டு வருகின்றன. அவற்றை உட்கொண்ட வயதுவந்தோர் நைமேகன் ஆண்களைப் போல் மாறவில்லை. அவ்வாறாயின் நொதியின்மை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அது எப்போது இல்லாமற்போனது என்பதும் காரணமாக வேண்டும். இக்கேள்விக்கு விடை எலிகளிடமிருந்து வந்தது.

விலங்கு ஆய்வுகள் காட்டும் முரண்

பிரான்சின் ஓர்சே நகர ஆய்வகத்தில் வேறொரு மரபணுவை எலியில் புகுத்தியபோது, அது தற்செயலாக மோனோஅமின் ஆக்சிடேஸ்-ஏ மரபணுவின் நடுவே சென்று அமர்ந்து அதனைச் செயலிழக்கச் செய்தது. 1995இல் வெளியான அவ்வாய்வின்படி, குட்டிப் பருவத்தில் இவ்வெலிகளின் மூளையில் செரட்டோனின் ஒன்பது மடங்கு வரை உயர்ந்தது. குட்டிகள் நடுங்கின, அஞ்சின. வளர்ந்த ஆண் எலிகள் கூண்டுத் தோழர்களைக் கடித்துக் காயப்படுத்தின. மீசை முடிகளின் தொடுவுணர்வைப் பெறும் மூளைப்புறணிப் பகுதியில் வழக்கமாகக் காணும் கட்டமைப்பே இவற்றில் உருவாகவில்லை. பிறந்த முதல் நாள்களில் செரட்டோனின் உற்பத்தியை மருந்தால் தடுத்தபோது அக்கட்டமைப்பு மீண்டது. வளர்ந்தபின் தடுத்துப் பயனில்லை. செரட்டோனின் வளர்ந்த மூளையில் செய்தி கடத்தும் பொருள். வளரும் மூளையில் கட்டுமானப் பணியாளும் அதுவே. புருன்னர் விவரித்த ஆண்களின் மூளை கருவிலிருந்தே வேறொரு வேதிச்சூழலில் கட்டப்பட்டது. நடுவயதில் மாத்திரை உட்கொண்ட நோயாளியின் மூளையோ ஏற்கெனவே கட்டி முடிந்தது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1994இல், செரட்டோனின் ஏற்பிகளுள் '1பி' வகையினை நீக்கிய எலிகள், தம் எல்லைக்குள் புகுந்த அயல் எலியை விரைவாகவும் கடுமையாகவும் தாக்குவதாகப் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் ஆய்வகம் அறிவித்திருந்தது. செரட்டோனினின் செய்தியைப் பெற இயலாத எலியும் தாக்குகிறது. செரட்டோனினில் மூழ்கி வளர்ந்த எலியும் தாக்குகிறது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் பெல்யாயெவ் தொடங்கிய நரி வளர்ப்பு ஆய்விலோ, பல தலைமுறைகளாகச் சாதுத்தன்மைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளிநரிகளின் மூளையில் செரட்டோனின் மிகுந்திருந்தது. அளவு ஒன்றையே பார்ப்போர்க்கு இவை ஒன்றோடொன்று பொருந்தா. ஏற்பிகளின் வகை பதினான்குக்குக் குறையாதது. ஒவ்வொன்றும் மூளையின் வெவ்வேறிடத்தில் வெவ்வேறு வேலையைச் செய்வது. 'மூளையின் செரட்டோனின் அளவு' என்ற தொடர், 'ஊரின் நீர் அளவு' என்பதைப் போலப் பொதுமையானது. குளத்தில் உள்ளதா, வயலில் உள்ளதா, வீட்டிற்குள் புகுந்ததா என்று கேளாதவரை அத்தொடரால் பயனில்லை.

இம்முரணின் அடுத்த அடுக்கு சமூகநிலை. கலிஃபோர்னியாவில் மைக்கேல் ராலே குழுவினர் 1991இல் வெளியிட்ட வெர்வெட் குரங்குகளின் ஆய்வு இவ்வகையில் சிறப்பானது. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் தலைமை ஆண் விலக்கப்பட்டது. எஞ்சிய இரு ஆண்களுள் ஒன்றுக்குச் செரட்டோனின் செயற்பாட்டை உயர்த்தும் பொருளோ தாழ்த்தும் பொருளோ தரப்பட்டது. உயர்த்தப்பட்ட குரங்கே ஒவ்வொரு முறையும் தலைமையைப் பெற்றது. அது தலைமையை அடைந்தது எதிரியை மிகுதியாகத் தாக்கியதால் அன்று. பெண் குரங்குகளின் அருகமர்ந்து, அவற்றின் ஆதரவைச் சேர்த்துக்கொண்டதால். தாழ்த்தப்பட்ட குரங்கு மிகுதியாகச் சண்டையிட்டுத் தோற்றது. வன்தாக்கத்தையும் ஆதிக்கத்தையும் ஒன்றெனக் கருதும் பொதுப்புத்திக்கு இது ஒரு நல்ல மறுப்பு.

சிங்கிறால்களில் நிலைமை தலைகீழ். அவற்றிற்குச் செரட்டோனினைச் செலுத்தினால் தலைமை ஆணின் நிமிர்ந்த தோற்றத்தைக் கொள்கின்றன என லிவிங்ஸ்டன், கிராவிட்ஸ் ஆகியோரின் குழு 1980இல் காட்டியது. தோற்றுப் பின்வாங்கிய இறாலும் மீண்டும் சண்டைக்கு நிற்கும் எனப் பின்வந்த ஆய்வு கூறியது. நன்னீர்ச் சிங்கிறாலில், ஆபத்தின்போது வாலை வீசித் தப்பச்செய்யும் ஒற்றை நரம்பணுவை 1996இல் யே, எட்வர்ட்ஸ் முதலியோர் ஆராய்ந்தபோது வியப்பான முடிவு கிடைத்தது. ஆதிக்கம் பெற்ற இறாலில் செரட்டோனின் அந்நரம்பணுவின் துலங்கலை உயர்த்தியது. அடங்கிய இறாலில் அதே செரட்டோனின் அதே நரம்பணுவைத் தணித்தது. வேதிப்பொருள் ஒன்று, நரம்பணு ஒன்று, விளைவு இரண்டு. வேறுபாட்டை உண்டாக்கியது அவ்விறால் முந்தைய சண்டைகளில் வென்றதா தோற்றதா என்பதே. சூழல், வேதியியலுக்கு வெளியே நிற்கும் ஒன்றன்று. அது நரம்பணுவின் பண்பாகவே உள்ளே பதிந்துவிடுகிறது.

மனித மூளையில் தடையும் தூண்டலும்

தாக்குதலைத் தூண்டும் நரம்புச் சுற்று மிகப் பழமையானது. ஹைப்போதலாமஸின் ஒரு சிறு பகுதியை ஒளியால் தூண்டினால், ஆண் எலி எதிரே உள்ள பெண் எலியையும், உயிரற்ற கையுறையையும்கூடத் தாக்கும் என 2011இல் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வகத்தில் டயு லின் முதலியோர் காட்டினர். மனிதரிடம் இச்சுற்றின்மேல் அமிக்டலாவும் முன்நெற்றிப் புறணியும் அமர்ந்துள்ளன. அச்சுறுத்தலை அமிக்டலா மதிப்பிடுகிறது. அம்மதிப்பீட்டைத் திருத்தவும் செயலைத் தள்ளிப்போடவும் முன்நெற்றிப் புறணி உதவுகிறது.

டிரிப்டோபேன் நீக்கிய அமினோ அமிலக் கலவையை நலமுடையோர்க்குப் பருகத் தந்தால், சில மணி நேரத்தில் மூளையின் செரட்டோனின் உற்பத்தி குறையும். இவ்வாறு செய்து, சினந்த முகங்களின் படங்களைக் காட்டியபோது, அமிக்டலாவுக்கும் முன்நெற்றிப் புறணிக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்தது எனக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2012இல் பதிவு செய்தனர். மாலி குரோக்கெட் குழுவினர் 2008இல் இம்முறையைப் பணப்பங்கீட்டு விளையாட்டில் பயன்படுத்தினர். அதில் ஒருவர் பங்கைப் பிரித்துத் தருவார். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் இல்லை. செரட்டோனின் குறைந்த நிலையில் இருந்தோர், நியாயமற்ற பங்குகளை வழக்கத்தினும் மிகுதியாக மறுத்தனர். தமக்கும் இழப்பு எனத் தெரிந்தே மறுத்தனர். அவர்களுடைய பொதுவான மனநிலையில் மாற்றமில்லை; எது நியாயம் என்னும் கணிப்பிலும் மாற்றமில்லை. மாறியது அநீதிக்கு எதிர்வினை ஆற்றும் அளவு மட்டுமே. இச்செயலை வன்தாக்கம் என்பதா, தன்மானம் என்பதா என்பதனை வேதியியல் முடிவு செய்யாது.

டெஸ்டோஸ்டிரோன் பற்றியும் இவ்விடத்தில் ஒன்று கூறலாம். 2010இல் ஐசனெகர் குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரு வேளை டெஸ்டோஸ்டிரோன் பெற்ற பெண்கள் நியாயமான பங்குகளையே மிகுதியாக முன்வைத்தனர். எதைப் பெற்றிருந்தாலும், தாம் டெஸ்டோஸ்டிரோன் பெற்றதாக நம்பியவர்களே நியாயமற்று நடந்துகொண்டனர். ஒரு வேதிப்பொருளைப் பற்றிப் பரவிய நம்பிக்கை, அவ்வேதிப்பொருளினும் வலுவாகச் செயற்பட்டது.

மது இச்சுற்றின் தடைகளைத் தளர்த்தும் என்பது எவரும் அறிந்ததே. 2010இல் 'நேச்சர்' இதழில் வெளியான பின்லாந்து ஆய்வு அதற்கு மரபணுச் சான்று ஒன்றைச் சேர்த்தது. செரட்டோனினின் '2பி' ஏற்பியைச் செயலிழக்கச் செய்யும் பிறழ்வு கடும் உந்துதல் குற்றம் செய்தோரிடம் மிகுந்திருந்தது. அவர்களுடைய குற்றங்களுள் பெரும்பாலானவை மது அருந்திய நிலையில் நிகழ்ந்தவை. ஆயினும் அப்பிறழ்வுடைய பின்லாந்தியர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எக்குற்றமும் செய்யாமல் வாழ்பவர்கள்.

டனீடின் ஆய்வும் ஓர் இனத்தின் மீது விழுந்த பெயரும்

நைமேகன் குடும்பத்தின் பிறழ்வு மிக அரிது. இருபது ஆண்டுகள் கழித்து, 2014இல்தான் வேறொரு குடும்பத்தில் இந்நொதிக் குறைபாடு விவரிக்கப்பட்டது. ஆனால் அதே மரபணுவின் செயலைக் கட்டுப்படுத்தும் பகுதியில், பலரிடமும் காணும் சாதாரண வேறுபாடு ஒன்று உண்டு. அங்குள்ள 30 எழுத்துக் கோவை சிலரிடம் மூன்று முறையும் சிலரிடம் நான்கு முறையும் திரும்ப வரும். மூன்று முறை வரும் வடிவத்தில் நொதி குறைவாக உருவாகும், இல்லாமற்போவதில்லை.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்விலிருந்து, 442 ஆண்களின் தரவை அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மோஃபிட் முதலியோர் 2002இல் வெளியிட்டனர். மரபணு வடிவம் தனித்து எவ்விளைவையும் காட்டவில்லை. குழந்தைப் பருவத்தில் கொடுமைக்குள்ளானோரிடம் மட்டும் அது வேறுபாட்டைக் காட்டியது. குறைசெயல் வடிவமும் கொடுமையும் சேர்ந்தோர் அவ்வாண்களுள் 12 விழுக்காட்டினர். வன்குற்றத் தண்டனைகளில் 44 விழுக்காடு அவர்களுடையது. குறைசெயல் வடிவம் இருந்தும் கொடுமைக்கு ஆளாகாதவர்கள் பிறரினும் மிகுதியாகக் குற்றம் செய்யவில்லை. 2014ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு, ஆண்களைப் பொறுத்தவரை இம்முடிவைப் பொதுவாக ஆதரித்தது.

இந்நுட்பம் அதே நாட்டில் விரைவில் மறக்கப்பட்டது. 2004இல், குரங்கினங்களில் இம்மரபணுவின் வரலாற்றைப் பற்றிய ஓர் அறிவியல் செய்தித் தலைப்பு இதனைப் 'போர்வீர' மரபணு என அழைத்தது. 2006இல், இதன் குறைசெயல் வடிவம் மாவோரி ஆண்களிடம் மிகுந்துள்ளது என்று ஒரு மாநாட்டில் கூறப்பட்டதும், மாவோரி மக்களின் குற்ற விகிதத்திற்கு மரபணுவே விளக்கம் என்பதாக நாளிதழ்கள் எழுதின. மெரிமன், கேமரன் ஆகியோர் 2007இல் நியூசிலாந்து மருத்துவ இதழில் இதனை மறுத்தனர். குறைசெயல் வடிவம் மாவோரி ஆண்களிடம் 56 விழுக்காடு எனில், சீன ஆண்களிடம் 77 விழுக்காடு. சீனரைப் போர்வீர இனம் என்று எவரும் எழுதவில்லை. நிலம் பறிக்கப்பட்டு, மொழி ஒடுக்கப்பட்டு, வறுமையில் தள்ளப்பட்ட ஒரு மக்களினத்தின் நிலைக்குக் குரோமோசோமில் காரணம் காட்டுவது, டனீடின் ஆய்வு கண்டதற்கு நேர்மாறு. அவ்வாய்வு சுட்டியது குழந்தைகள் வளர்ந்த சூழலையே.

நீதிமன்றத்தில் மரபணு

புருன்னரின் கட்டுரை வெளியான சில மாதங்களிலேயே இச்செய்தி நீதிமன்றத்தை அடைந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 1991இல் உணவக மேலாளர் ஒருவரைச் சுட்டுக்கொன்றவரின் வழக்கறிஞர்கள், அவருக்கு இம்மரபணுச் சோதனை செய்ய வேண்டினர். சான்று முதிரவில்லை எனக் கருதிய மாநில உச்ச நீதிமன்றம் 1995இல் அக்கோரிக்கையை ஏற்கவில்லை; 2005இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இதற்கிடையே, லண்டனில் சீபா அறக்கட்டளை நடத்திய கருத்தரங்கின் தொகுதியில் புருன்னரே, ஒரு நடத்தையை நேரடியாக உண்டாக்கும் மரபணு என்னும் கருத்து பொருந்தாது என்று எழுதியிருந்தார். கண்டுபிடித்தவரின் எச்சரிக்கையைவிடக் கண்டுபிடிப்பின் பெயர் வேகமாகப் பயணம் செய்தது.

2009இல் இருவேறு நாடுகளில் முடிவு மாறியது. இத்தாலியின் டிரியெஸ்டே மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றவாளியிடம் குறைசெயல் வடிவம் இருப்பதையும் கருத்தில் கொண்டு, 9 ஆண்டு 2 மாதத் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மரண தண்டனைக்குரிய வழக்கொன்றில், மரபணு வடிவமும் குழந்தைப் பருவக் கொடுமையும் சேர்த்து முன்வைக்கப்பட்டன. நடுவர் குழு திட்டமிட்ட கொலை என்று தீர்மானிக்காமல், அதனினும் குறைந்த குற்றமாகக் கொண்டது. இவ்விரண்டில் டென்னசி வாதமே காஸ்பியின் முடிவுக்குச் சற்று நெருங்கியது. ஆயினும் அதிலும் அடிப்படைத் தாவல் ஒன்று உண்டு: 442 பேரின் சராசரி, ஒருவரின் ஓர் இரவுச் செயலுக்குக் காரணமாக மாற்றப்படுகிறது. வடிவமும் கொடுமையும் ஒருங்கே இருந்தும் யாரையும் கொல்லாதவர்கள் அச்சராசரிக்குள்ளேயே உள்ளனர்.

இத்தகைய சான்று நீதிபதிகளின் மனத்தில் எவ்வாறு செயற்படுகிறது என்பதனை யூட்டா பல்கலைக்கழகத்தின் லிசா ஆஸ்பின்வால் குழுவினர் 2012இல் ஆராய்ந்தனர். அமெரிக்க மாநில நீதிபதிகள் 181 பேருக்கு ஒரே கற்பனை வழக்கு தரப்பட்டது. குற்றவாளி உளப்பிறழ்வு ஆளுமையுடையவர் என்பது அனைவருக்கும் கூறப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும், இம்மரபணுவையும் மூளைச் செயற்பாட்டையும் கொண்டு அந்நிலைக்கான உயிரியல் விளக்கம் கூடுதலாக அளிக்கப்பட்டது. விளக்கம் பெறாதோர் விதித்த சராசரித் தண்டனை 13.93 ஆண்டுகள்; பெற்றோர் விதித்தது 12.83 ஆண்டுகள். ஆனால் விளக்கத்தைக் கேட்ட நீதிபதிகள் எழுதிய காரணங்களைப் படித்தால், தண்டனையைக் குறைக்கச் சொல்லப்பட்ட அதே உயிரியல், சிலரிடம் அதனைக் கூட்டுவதற்கான காரணமாகவும் இடம்பெற்றுள்ளது: தன் மூளையால் இயக்கப்படுபவன் மீண்டும் அதையே செய்வான் என்று அவர்கள் கருதினர்.